டொமைன் கன்ட்ரோலர்களுக்கிடையே நகலாக்கக் கோளாறுகள்: முடியாமை, மறுப்பு, மௌனம்

1. ஆய்வுப் பொருள்

ஒரு நிறுவனத்தின் பயனர் கணக்குகள், கணினிகள், குழுக்கள், கடவுச்சொற்கள் எல்லாம் அடங்கிய பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர் டொமைன் கன்ட்ரோலர். நிர்வாகிகள் பேச்சில் அது ‘டிசி’. விண்டோஸ் என்டி 4.0 காலம் வரை அந்தப் பதிவேட்டில் எழுதும் உரிமை முதன்மை டிசி ஒன்றுக்குத்தான் உண்டு. மற்றவை அதைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும். 2000இல் விண்டோஸ் 2000 சர்வருடன் ஆக்டிவ் டைரக்டரி வந்தபோது இந்த ஏற்பாடு மாறியது. சில தனிப் பொறுப்புகள் நீங்கலாக, எந்த டிசியிலும் எழுதலாம். எழுதியது மற்ற டிசிகளுக்குப் போய்ச் சேரும். இந்தப் போய்ச்சேர்தலுக்குத்தான் நகலாக்கம், அதாவது ரெப்ளிகேஷன், என்று பெயர்.

அது நின்றுபோனால் பிழை எண்ணைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே எழுதியிருக்கும் கட்டளையை ஓட்டுவதே பெரும்பாலோர் செய்வது. எண்களை வைத்துக் கோளாறுகளைப் பகுப்பதில் ஒரு குறை இருக்கிறது. அடுத்தடுத்த எண்கள் நேரெதிரான நோய்களைக் குறிக்கலாம். ஆகவே இங்கே வேறொரு பகுப்பைக் கையாள்கிறேன். டிசிக்குப் பேச ஆசையிருந்தும் வழியில்லை என்றால் அது முடியாமை. வழியிருந்தும் அது பேச மறுக்கிறது என்றால் மறுப்பு. பேச்சு ஒழுங்காக நடந்தும் பிரதிகள் வேறுபட்டுக் கிடந்தால் மௌனம். பெரிய சேதங்கள் எல்லாம் மறுப்பை முடியாமை என்று எண்ணி வலுக்கட்டாயமாகத் திறந்துவிடுவதால் வருபவை.

2. எண் முந்தும், நேரம் பிந்தும்

ஒவ்வொரு டிசியும் தன் பதிவேட்டில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் இடுகிறது. யூஎஸ்என் எனப்படும் இது 64 பிட் எண், ஏறுமுகமாகவே போகும். எண் அந்தந்த டிசிக்கு மட்டுமே உரியது. ஒரு டிசியில் 80,000 என்பதும் இன்னொன்றில் 12,000 என்பதும் ஒப்பிடத் தக்கவை அல்ல. கூட்டாளி டிசி ‘உன்னிடமிருந்து 80,000 வரை வாங்கிவிட்டேன்’ என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதற்கு மேற்பட்டதை மட்டும் கேட்கும்.

ஒரே பயனரின் தொலைபேசி எண்ணை இரண்டு டிசிகளில் இருவர் மாற்றினால் எது நிற்கும்? கடைசியாக மாற்றியது என்றுதான் பலரும் சொல்வார்கள். நடப்பது வேறு. பண்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. முதல் டிசியில் காலை 10 மணிக்குள் இருமுறை திருத்தியதால் பதிப்பு 3லிருந்து 5 ஆனது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 10.30க்கு ஒரே முறை திருத்தியதால் 4 ஆனது. நிற்பது 10 மணித் திருத்தமே. பதிப்பு எண்கள் சமமானால்தான் நேரம் பார்க்கப்படும். நேரமும் சமமென்றால் மாற்றம் பிறந்த டிசியின் அடையாள எண் தீர்மானிக்கும். ‘நான் போட்டது காணாமல் போகிறது’ என்ற புகாரில் சிலவேளை கோளாறே இருக்காது. ரெப்அட்மின் கருவியில் ஷோஆப்ஜ்மெட்டா என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்தப் பண்பு, எந்த டிசியில், எப்போது, எத்தனையாவது முறை மாறியது என்பது வரிசையாக வந்து நிற்கும். வழக்கைத் தீர்க்க அந்த ஒரு பக்கம் போதும்.

தாமதத்தையும் கோளாறாகக் கொள்ளக் கூடாது. ஒரே சைட்டுக்குள், அதாவது வேகமான இணைப்பால் ஒன்றுபட்ட ஒரே இடத்துக்குள், மாற்றம் நிகழ்ந்து 15 வினாடியில் முதல் கூட்டாளிக்குத் தகவல் போய்விடும். சைட்டுகளுக்கிடையே இயல்பான இடைவெளி 180 நிமிடம். அதை 15 நிமிடம் வரை குறைக்கலாம். மூன்று மணி நேரம் காத்திருக்காமல் ‘ரெப்ளிகேஷன் போச்சு’ என்று எழும் புகார்கள் ஏராளம். இதற்கு நேர்மாறாக, உண்மையான கோளாறு பல நாள் வெளியே தெரியாமலும் இருக்கும். கடவுச்சொல் மாற்றம் பிடிசி எமுலேட்டர் பொறுப்பிலுள்ள டிசிக்கு உடனே அனுப்பப்படுகிறது. மற்ற டிசிகள் ஒரு கடவுச்சொல் தவறென்று கண்டால் அதனிடம் ஒருமுறை கேட்டுவிட்டே மறுக்கும். எனவே பயனர்கள் வழக்கம்போல் உள்ளே நுழைந்துகொண்டிருப்பார்கள்; அடியில் நகலாக்கம் நின்று வாரங்கள் ஆகியிருக்கும்.

3. முடியாமை

நடைமுறையில் வரும் கோளாறுகளில் அதிகம் இவ்வகையே. காரணமும் பெரும்பாலும் ஆக்டிவ் டைரக்டரிக்கு வெளியே, டிஎன்எஸ், ஃபயர்வால், கடிகாரம் என்று எங்காவது இருக்கும்.

டிசிகள் ஒன்றையொன்று முதலில் சாதாரணப் பெயரால் தேடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ள நீண்ட அடையாள எண்ணை டிஎன்எஸ்ஸில் ஒரு மாற்றுப்பெயர்ப் பதிவாகத் தேடுகின்றன. அந்தப் பதிவு இல்லையென்றால் 8524 பிழை வரலாம். பெயரை வைத்துப் பிங் செய்து பதில் வந்ததும் ‘டிஎன்எஸ் சரிதான்’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஏமாற்றுகிறது.

1722, ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை என்று சொல்லும். படித்தவுடன் எதிர்முனையில் ஏதோ சேவை நின்றுவிட்டதாகத் தோன்றும். அதைவிட அதிகம் நடப்பது இடையில் ஒரு ஃபயர்வால் அடைத்திருப்பது. 135ஆம் போர்ட் திறந்திருந்தால் மட்டும் போதாது. அங்கே விசாரித்தபின் பேச்சு வேறொரு போர்ட்டுக்கு மாறும். விண்டோஸ் சர்வர் 2008 முதல் அது 49152 முதல் 65535 வரை எதுவாகவும் இருக்கலாம். பழைய 1025–5000 வரம்பை வைத்து எழுதிய விதிகள் இன்றும் சில அலுவலகங்களில் உயிரோடு இருக்கின்றன. 1256 கண்ணில் பட்டால் அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பிழையைப் பார்க்க வேண்டும். பதிவேட்டின் ஒரு பகுதிக்கான இணைப்பு தோற்றதும் மீதிப் பகுதிகளுக்கு இடப்படும் முத்திரைதான் அது.

இவ்வகையில் மிகவும் சிக்கலானது ‘இலக்கின் முதன்மைப் பெயர் தவறு’ என்னும் பிழை. ஆட்களைப் போலவே டிசிக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு. இயல்பாக 30 நாளுக்கொருமுறை அது தானே மாற்றிக்கொள்ளும். புதிய கடவுச்சொல் கூட்டாளியின் பிரதிக்குப் போய்ச் சேராவிட்டால் கெர்பெரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறையின் சீட்டு பழைய சாவியில் பூட்டப்பட்டு வரும். பெற்றவரால் திறக்க முடியாது. நகலாக்கம் நின்றதால் கடவுச்சொல் போகவில்லை, கடவுச்சொல் போகாததால் நகலாக்கம் நடக்கவில்லை. இந்த வட்டத்தை வெளியிலிருந்துதான் உடைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட டிசியில் அந்தச் சீட்டை வழங்கும் கேடிசி சேவையை நிறுத்திவிட்டு, நல்ல டிசி ஒன்றைக் குறிப்பிட்டு நெட்டோம் கருவியால் அதன் கடவுச்சொல்லைப் புதுப்பிக்க வேண்டும். முதலில் இரு கடிகாரங்களையும் பார்த்துவிடுவது நல்லது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பெரோஸ் இயல்பாகவே ஒத்துக்கொள்ளாது.

4. மறுப்பு

ஒரு கணக்கை அழித்தால் அது உடனே மறைந்துவிடாது. மறைந்தால், அழிந்தது என்ற செய்தியை எதை வைத்து அனுப்புவது? அதனால் அழிக்கப்பட்டதற்கான அடையாளம் சில காலம் வைக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் கல்லறைக் கல்லின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் அதன் ஆயுள் 60 நாள். விண்டோஸ் சர்வர் 2003 முதல் சர்வீஸ் பேக்குக்குப் பின் உருவான ஃபாரஸ்ட்களில் (டொமைன்களின் தொகுதிகளில்) பொதுவாக 180 நாள்.

ஒரு டிசி அதற்கு மேலும் தொடர்பற்றுக் கிடந்து திரும்பி வந்தால், இடையில் அழிந்த கணக்குகள் அதனிடம் மட்டும் உயிரோடிருக்கும். அவை அழிந்த சேதியைச் சொல்ல இப்போது யாரிடமும் அடையாளம் இல்லை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மீண்டும் தலைகாட்டுவது இப்படித்தான். இதைத் தடுக்கவே கூட்டாளி டிசி 2042 நிகழ்வைப் பதிந்து, 8614 பிழையோடு கதவை மூடுகிறது. மூடிய கதவைத் திறக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பு உண்டு. அதை 1 ஆக்கினால் பிழை போய்விடும். அதன் பெயரிலேயே ‘முரண்பட்ட, சிதைந்த கூட்டாளி’ என்ற எச்சரிக்கை இருக்கிறது. எஞ்சிப்போன கணக்குகளை ரெப்அட்மினால் முதலில் களைந்த பிறகே அதைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிட வேண்டும். 180 நாள் வெளியே கிடந்த டிசியைப் பொறுத்தவரை, அதை நீக்கிவிட்டுப் புதிதாக அமைப்பதே பெரும்பாலும் குறைந்த வேலை என்பது என் கருத்து. (2017இல் நாட்பெட்யா தாக்குதல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் டிசிகளை அழித்தபோது, மின்வெட்டால் அணைந்துகிடந்த கானா நாட்டு டிசி ஒன்று மட்டும் பிழைத்தது. அத்தகைய விதிவிலக்கை வைத்து யாரும் திட்டமிடுவதில்லை.)

மறுப்பு நியாயமற்றதாகவும் இருக்கலாம். 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள் சிறிது நேரம் 2000ஆம் ஆண்டைக் காட்டின. அவற்றிலிருந்து நேரம் வாங்கிய டிசிகள் பன்னிரண்டு ஆண்டு பின்னே போய்த் திரும்பின. கடைசிப் பேச்சு நடந்து வருடக்கணக்காகிவிட்டது என்று கணக்கிட்டுப் பல டிசிகள் ஒன்றையொன்று விலக்கின. அங்கே எஞ்சிய கணக்கு எதுவும் இல்லை. கடிகாரம் மட்டுமே பொய். ஆகையால் 8614 வந்தால் முதல் கேள்வி, அந்த டிசி உண்மையிலேயே அத்தனை நாள் வெளியே இருந்ததா என்பதே.

5. மௌனம்

மெய்நிகர் கணினிகள் பரவிய பிறகு அதிகம் தென்படுவது இது. ஒரு டிசியின் யூஎஸ்என் 1,000ஆக இருக்கையில் ஸ்னாப்ஷாட் எடுக்கிறார்கள். அது 5,000 வரை வளர்கிறது; கூட்டாளியும் 5,000 வரை வாங்கிக் குறித்துக்கொள்கிறது. ஏதோ சிக்கல் என்று ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புகிறார்கள். இப்போது அந்த டிசியில் புதிதாகச் சேரும் கணக்குகளுக்கு 1,001, 1,002 என்று எண் விழும். கூட்டாளி கேட்பதோ 5,000க்கு மேல். இடையிலுள்ள நாலாயிரம் எண்களில் எழுதப்படுவது எதுவும் வெளியே போகாது. ரெப்அட்மினின் ஷோரெப்ல் கட்டளையோ எல்லாம் வெற்றி என்று காட்டும்.

கூட்டாளி கேட்கும் எண் தன் எண்ணைவிடப் பெரிதாக இருப்பதைப் பின்வாங்கிய டிசி கவனித்துவிட்டால் 2095 நிகழ்வைப் பதிந்து, நகலாக்கத்தை இருபுறமும் நிறுத்தி, நெட்லாகான் சேவையையும் முடக்கிக்கொள்ளும். அதாவது மௌனம் மறுப்பாக மாறும். கூட்டாளியைச் சந்திப்பதற்குள் எண் 5,000ஐத் தாண்டிவிட்டால் அதுவும் நடக்காது. இரு பிரதிகளும் நிரந்தரமாக வேறுபட்டுப்போகும். விண்டோஸ் சர்வர் 2012 முதல், ஹைப்பர்வைசர் தரும் ஒரு தலைமுறை அடையாளம் மாறியதைக் கண்டால் டிசி தன் பதிவேட்டின் அடையாளத்தையே புதுப்பித்துக்கொள்ளும். கூட்டாளிகளும் அதைப் புதியவராகவே எண்ணிக் கணக்கைத் தொடங்குவார்கள். டிஸ்க் கோப்பை மட்டும் பழைய பிரதியால் மாற்றி வைத்தால் இந்தக் காப்பு வேலை செய்யும் என்று நம்புவதற்கில்லை.

2095 விழுந்தபின் முடங்கிய நகலாக்கத்தை மறுபடி இயக்கும் கட்டளையைத் தேடுவது வீண். அந்த டிசியைக் கட்டாயமாக நீக்கி, மற்றவற்றிலிருந்து அதன் சுவடுகளைத் துடைத்து, புதிதாகச் சேர்க்க வேண்டும். அதில் மட்டுமே எழுதப்பட்டவை போய்விடும் என்பதால், நீக்குமுன் எவை எவை என்று எடுத்துக் குறித்துக்கொள்வது அவசியம்.

6. சிஸ்வால்

குரூப் பாலிசிக் கோப்புகள் உள்ள சிஸ்வால் அடைவு மேற்சொன்ன பதிவேட்டு நகலாக்கத்தில் சேராது. அதை நகலெடுப்பது வேறொரு சேவை. முன்பு எஃப்ஆர்எஸ், பின்னர் டிஎஃப்எஸ்ஆர். புதிய கணக்குகள் எல்லா டிசியிலும் தெரிகின்றன, பாலிசி மட்டும் சிலருக்குப் பழையது என்றால் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இங்கேயும் மறுப்பு உண்டு. 60 நாள் தொடர்பற்ற பிரதியை டிஎஃப்எஸ்ஆர் காலாவதியானதாகக் கருதி 4012 நிகழ்வோடு நின்றுவிடும். மீட்கையில் ஏதாவது ஒரு டிசியின் பிரதியை மூலம் என்று அறிவிக்க வேண்டும். மற்றவை தம்மிடமுள்ளதை ஒதுக்கிவிட்டு அதையே வாங்கிக்கொள்ளும். எதை மூலமாக வைப்பது என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஒவ்வொரு டிசியிலும் பாலிசி அடைவுகளைத் திறந்து, தேதியையும் பதிப்பு எண்ணையும் ஒப்பிட்டு, முழு அடைவையும் ஒருமுறை பத்திரப்படுத்திய பிறகே அந்த அறிவிப்பைச் செய்ய வேண்டும்.