பாசலிலிருந்து மேசை வரை: திருமலையில் நாம் உண்ட இடங்களும் வாங்கிய கடைகளும்

லண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் பேசினால், சுகம் விசாரித்து முடிந்ததும் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தக் கடை இன்னும் இருக்கா?" ஒருத்திக்கு அது தோசைக் கடை. இன்னொருத்திக்கு மத்திய வீதியில் கண்ணாடிக் காப்பு வாங்கிய கடை. வேறொருத்திக்குச் சந்தை வாசலில் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்த கிண்ணியாப் பெரியவர். கோணேசர் கோவில் இருக்கிறதா, கோட்டை இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. அவை இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைகளைப் பற்றி அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாத ஊர் எமது ஊர்.

நூற்றாண்டு மலருக்கு ஊரின் வரலாறு பற்றிக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு கேட்டபோது, வெவ்வேறு ஆண்டுகளில் படித்து வெளியேறிய நாம் சிலர் ஒன்றுகூடி இந்தக் கேள்வியையே பொருளாக எடுத்துக்கொண்டோம். திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1782 ஆம் ஆண்டில் மட்டும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், பின்னர் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் இந்தத் துறையைக் கைப்பற்றினார்கள். 1795 இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இவற்றை மனனம் செய்து சரித்திரப் பாடத்தில் புள்ளி வாங்கினோம். அந்தக் காலத்தில் எங்கள் பூட்டிமார் எங்கே மீன் வாங்கினார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

எஸ்பிளனேட் பக்கத்திலுள்ள பழைய ஆங்கிலேயர் மயானத்தில் றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852 இல் பர்மாப் போரின்போது காலமானவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. அக்காவின் நாவல்களைப் படித்தவர்களுக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலப் பெண்கள் யார் வீட்டில், யாரோடு இருந்து தேநீர் குடித்தார்கள் என்பது தெரியும். அறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் அம்மா எங்கே இருந்து தேநீர் குடித்தார் என்று கேட்டால் விடை சுருக்கமானது: வீட்டில். வீட்டில் மட்டும்தான். அங்கிருந்தே தொடங்குகிறோம்.

சந்தைக்குப் போன பெண்கள்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உட்துறைமுகம், நடுவே ஒடுங்கிய நிலம். இதுதான் எமது பட்டினம். வடகரை வீதி, மத்திய வீதி, பிரதான வீதி, அவற்றை இணைக்கும் குறுக்குத் தெருக்கள் என்று கடைத்தெரு முழுவதையும் ஒரு மணித்தியாலத்தில் நடந்து முடிக்கலாம். ஆனால் அந்தச் சிறிய இடத்துக்குச் சாமான் வந்த வழிகள் பல. தம்பலகாமத்து நெல் வண்டியில் வந்தது. கொழும்புச் சரக்கு, 1927 இல் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின் ரயிலில் வந்தது. மூதூரிலிருந்து லோஞ்சில் ஆட்களும் மூட்டைகளும் வந்து இறங்கினார்கள். கிண்ணியாவின் எருமைத் தயிர் பாதையில் ஏறி நீரைக் கடந்து, பிறகு பஸ்ஸில் வந்தது. கரைவலை இழுத்த மீன் விடியற்காலையிலேயே வந்துவிடும்.

ஆகவே சந்தையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவரிடம் ஒருவர் வாங்காமல் ஒரு நாளும் போகவில்லை. மரக்கறி ஒருவரிடம், தயிர் ஒருவரிடம், கருவாடு இன்னொருவரிடம். எங்கள் தாய்மார் மூன்று மொழியிலும் விலை கேட்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, இங்கேதான். கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் புள்ளிமான்களும் சந்தைக்கு வாடிக்கையாளர்கள். கழித்த கோவா இலைக்காக அவை காத்து நின்றதையும், கவனமில்லாத ஒருத்தியின் பையிலிருந்து கீரைக்கட்டை இழுத்ததையும் பார்த்திராத பழைய மாணவி இருக்க மாட்டாள்.

சந்தைக்குப் போவதற்குப் பெண்களுக்குத் தடை இருக்கவில்லை. அந்த வெயிலில் ஒரு மணித்தியாலம் நடந்து, இரண்டு கைகளிலும் பையோடு, சந்தைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே போய் இருந்ததில்லை.

பாசல் காலம்

கடைச் சாப்பாடு வீட்டுக்கு வராமல் இல்லை. அப்பா வேலை முடிந்து வரும்போது சைவக் கடையிலிருந்து வாழையிலையில் கட்டிய பாசல் வரும். தோசை, உளுந்து வடை, சம்பல். இலையின் சூட்டில் சம்பலின் வாசம் மாறியிருக்கும். அந்த வாசம்தான் எமக்குக் கடைச் சாப்பாடு. அந்தக் கடையின் மேசை எப்படி இருக்கும், தோசைக் கல் எவ்வளவு பெரியது என்பது வீட்டில் ஆண்களுக்கு மட்டும் தெரிந்த விடயம்.

பிரித்தானியக் கடற்படை இங்கிருந்த காலத்தில் டொக்யாட்டில் வேலை செய்தவர்களின் சம்பள நாள் கடைத்தெருவுக்குத் திருவிழா நாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது சனம் ஊரை விட்டு ஓடியதையும், கடைகள் பூட்டிக் கிடந்ததையும் அவர்களே சொன்னார்கள். 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1980 அளவில் சீனன்குடாவில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. நாடெங்கும் பாணுக்கும் றொட்டிக்கும் வேண்டிய கோதுமை மா எமது துறைமுகக் கரையில் அரைபடலாயிற்று. சாயந்தரமானால் கொத்து றொட்டித் தகட்டின் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். அந்தக் கடைகளின் வாங்குகளிலும் ஆண்களே இருந்தார்கள். எமக்கு வந்தது சத்தமும் பாசலும்.

முதல் மேசை

எமக்கென்று முதலில் கதவைத் திறந்தது ஐஸ்கிறீம். கூல்பார், கிறீம் ஹவுஸ் என்ற பெயர்களில் வந்த கடைகள் தேநீர்க் கடைகளைப் போல அல்ல. அங்கே சுருட்டுப் புகை இல்லை, அரசியல் வாக்குவாதம் இல்லை. பின்பக்கத்தில் திரைச்சீலை போட்ட சிறிய அறைகள் இருந்தன. அதற்கு 'பமிலி றூம்' என்று பெயர். அம்மாவோடும் சித்தியோடும் போய், திரைக்குள் இருந்து, நீண்ட கண்ணாடிக் குவளையில் பலூடா குடித்ததுதான் எம்மில் பலருக்கு வீட்டுக்கு வெளியே மேசையில் இருந்து உண்ட முதல் நாள்.

துணைக்கு ஆளில்லாமல் போனது அதற்கும் பிறகு. இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த ஒரு மாலை, சீருடையோடு எட்டுப் பேர் ஒரு கடைக்குள் நுழைந்தோம். முதலாளி எம்மைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "பெரியாக்கள் ஒருத்தரும் வரேல்லையோ பிள்ளையள்?" என்றார். இல்லை என்றோம். சற்று யோசித்துவிட்டு, "சரி, உள்ளுக்கு இருங்கோ" என்று திரையைத் தானே இழுத்து மூடினார். அடுத்த நாள் காலைக் கூட்டத்துக்கு முன்பே செய்தி கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தது. கண்டித்த ரீச்சர் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டதையும் வரலாற்றில் பதிய வேண்டும்.

புடவைக் கடைகளில் இந்தச் சங்கடம் இல்லை. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் மத்திய வீதியிலே பாயில் இருத்தி, சோடா உடைத்துத் தந்து, துணியை விரித்துக் காட்டினார்கள். நோன்புப் பெருநாளுக்கு முன் அதே கடையில் எமது முஸ்லிம் தோழிகள். நத்தாருக்கு முன் எமது கத்தோலிக்கத் தோழிகள். ஆண்டு முழுவதும் யாரோ ஒருத்தியின் பெருநாளுக்காக எல்லோரும் கடைக்குப் போனோம்.

பூட்டிய கதவுகள்

மெல்ல மெல்லத் திறந்தவை பின்னர் பூட்டப்பட்டன. 1983 இலும் அதற்குப் பின்னும் நடந்தவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. இந்த மலரை வாசிக்கும் பலர் வெளிநாடுகளில் இருப்பதன் காரணமே அதுதான். ஊரடங்குச் சட்ட காலத்தில் மாலைக் கடைகள் இல்லாமற் போயின. சோதனைச் சாவடியைத் தாண்டி ஐஸ்கிறீம் குடிக்க யார் பிள்ளையை அனுப்புவார்கள்? எமக்குப் பின் படித்த ஒரு தலைமுறை, கல்லூரி விட்டதும் நேரே வீட்டுக்குப் போன தலைமுறை. அவர்களுக்கு மறுபடியும் பாசல்தான்.

2004 டிசெம்பர் 26 இல் கடல் ஏறி வந்தது. 2006 ஏப்பிரல் 12 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்குச் சாமான் வாங்கச் சனம் நிறைந்திருந்த வேளையில், சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்த வன்செயலில் மேலும் உயிர்கள் போயின. தமிழர்களின் கடைகள் பல எரிக்கப்பட்டன. "அந்தக் கடை இன்னும் இருக்கா?" என்று நீங்கள் கேட்கும்போது நாம் சில வேளைகளில் உடனே பதில் சொல்லாமல் இருப்பது இதனால்தான். ஒருவரிடம் ஒருவர் வாங்கிப் பழகிய இடத்தையே அன்று தாக்கினார்கள். சில வாரங்கள் சந்தைக்குப் போகவே கால் வரவில்லை. பிறகு போனோம். மரக்கறி வேண்டியிருந்தது. அங்கே நின்றவர்களுக்கும் விற்க வேண்டியிருந்தது. பேச்சு முன்போல் வர அதைவிட நீண்ட காலம் எடுத்தது.

மீண்டும் வருகிறவர்களுக்கு

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்குக் காத்து நின்ற காலம் முடிந்தது. தயிர் இப்போது நேரத்துக்கு வருகிறது, சட்டி மட்டும் அதே மண்சட்டி. விடுமுறைக்கு வருகிற தோழிகளுக்காக ஒரு நாளை நாம் இப்படி வகுத்து வைத்திருக்கிறோம்.

விடிய எழும்பிக் கோணேசர் கோவில். இறங்கி வந்து டொக்யாட் வீதிப் பக்கம் அன்னபூரணி போன்ற சைவக் கடையொன்றில் காலைச் சாப்பாடு. பாசல் வேண்டாம், உள்ளே இருந்தே சாப்பிடுங்கள். பிறகு சந்தை: கருவாட்டை நன்றாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள், விமானத்தில் உங்கள் மானம் போகாமல் இருக்க. மத்தியானம் யாராவது ஒருத்தியின் வீட்டில் பாரை மீன் குழம்பு, கணவாய்ப் பொரியல், கடைசியில் தயிரும் கித்துள் பாணியும். இதற்கு இணையான கடை ஊரில் இன்னும் திறக்கப்படவில்லை. வெயில் தணிய உட்துறைமுக வீதியில், பழைய கட்டடமொன்றில் நடக்கும் டச் பேங்க் கபேயில் கோப்பி. தபாற்கந்தோர் வீதியில் குமார்ஸ் கிறீம் ஹவுஸில் ஐஸ்கிறீம். பொழுதுபட டச்பே கடற்கரையில் இறால் வடையும் கச்சானும். அடுத்த நாள் நேரமிருந்தால் கன்னியா வெந்நீரூற்று. வழக்கம்போலப் பிட்டு கட்டிக்கொண்டு போகலாம்.

இந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் நீங்கள் அறிந்த கடைகள் அல்ல. பல புதியவை. உங்கள் தோசைக் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஆனால் சென்ற மாதம் இந்தக் கட்டுரைக்காக நாம் ஒரு கடையில் கூடியிருந்தபோது, எமது கல்லூரிச் சீருடையில் ஐந்து பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். வாசலோரத்து மேசையிலே, தெருவைப் பார்த்தபடி இருந்தார்கள். பலூடா சொன்னார்கள். கணிதப் பரீட்சையைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள். கடைக்காரர் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரைச்சீலை எங்கேயும் இல்லை. நாம்தான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிள்ளைகளுக்கு இது வரலாறு என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் எழுதி வைக்க வேண்டிய பொறுப்பு எமக்கு இருக்கிறது. எரிந்த கடைகளின் பெயர்ப்பலகைகள் எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லை. அவை உங்கள் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்த மூலை, என்ன வாங்கினீர்கள், யாரோடு போனீர்கள் என்று ஒரு பக்கமாவது எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பழைய பற்றுச்சீட்டோ, கடைப் பெயர் அச்சிட்ட பையோ, கடை வாசலில் எடுத்த படமோ இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த மலரை எழுதப்போகிறவர்கள் வாசலோரத்து மேசையில் இருந்த அந்தப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு நாம் வெறுங்கையோடு கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.