பூண்டியில் தண்ணீர் திறந்தால் வள்ளூருக்கு ஏன் எச்சரிக்கை? முழு விவரம்

வடகிழக்குப் பருவமழை வலுத்தாலே வரும் செய்தி இது: "பூண்டி ஏரியில் உபரிநீர் திறப்பு, கொசஸ்தலை ஆற்றின் கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை". 'வருஷா வருஷம் சொல்றதுதானே' என்று பலரும் கடந்துவிடுகிறார்கள். அந்த அறிவிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

பூண்டிக்கும் வள்ளூருக்கும் என்ன தொடர்பு?

1944-ல் பயன்பாட்டுக்கு வந்த பூண்டி சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கத்தின் உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. ஏரி நிரம்பும் நிலை வந்தால் மதகுகள் திறக்கப்படும். அந்த உபரிநீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, மீஞ்சூர் அருகே உள்ள வள்ளூர் அணைக்கட்டு ஆகியவற்றைத் தாண்டி எண்ணூரில் கடலில் கலக்கிறது. அறிவிப்புகளில் 'வல்லூர் அணைக்கட்டு' என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். அணைக்கட்டு, பெரிய அணை மாதிரி வெள்ளத்தைத் தேக்கி வைக்காது. நிரம்பினால் வழிந்து ஓடிவிடும்.

'கனஅடி' என்றால் எவ்வளவு?

ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். விநாடிக்கு 1,000 கனஅடி என்றால், 9,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றை ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கொட்டுவது போல.

பெரும்பாலும் திறப்பு குறைந்த அளவில்தான் தொடங்கும். முதல் அறிவிப்பு வந்தும் ஊருக்குள் தண்ணீர் வராததால், 'ஒண்ணும் ஆகலையே' என்று அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆபத்து அங்கேதான். நீர்வரத்து கூடக் கூட திறப்பும் பல ஆயிரம் கனஅடியாக உயரும். எனவே 'திறந்தாச்சா' என்பதோடு நிற்காமல், 'இப்போ எவ்வளவு திறக்கிறாங்க' என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். பூண்டியில் திறந்த தண்ணீர் உடனே வள்ளூருக்கு வந்துவிடாது. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம்.

பூண்டி மட்டும்தான் காரணமா?

இல்லை. புழல் ஏரியின் உபரிநீரும் மணலி பக்கம் வந்து, சடையங்குப்பம் அருகே இதே ஆற்றில் சேர்கிறது. அந்த நேரத்தில் உள்ளூரிலும் கனமழை பெய்து, கடல் மட்டமும் உயர்ந்திருந்தால், எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிவது தாமதமாகும். 2021 நவம்பரில் மணலி புதுநகர், சடையங்குப்பம் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்தது.

எச்சரிக்கை எப்படி வரும்?

ஆறு ஒன்றுதான், நிர்வாகம் இரண்டு. வள்ளூர், சீமாவரம் பகுதிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகின்றன. மணலி, எண்ணூர் பகுதிகள் சென்னை மாநகராட்சியில் வருகின்றன. அதனால் இரண்டு பக்க அறிவிப்பையும் பார்ப்பது நல்லது. தமிழக அரசின் 'டிஎன் அலெர்ட்' செயலியில் மழை எச்சரிக்கையையும் நீர்த்தேக்க நிலவரத்தையும் தமிழிலேயே பார்க்கலாம்.

என்ன செய்யணும்?

* ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரைகளை ஒரே பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். செல்போன், பவர் பேங்கை சார்ஜ் செய்துவிடுங்கள்.
* முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளை இரவு வரை காத்திருக்காமல் பகலிலேயே நிவாரண முகாமுக்கு அனுப்புங்கள்.
* தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். ஆற்றில் குளிப்பது, மீன் பிடிப்பது, செல்ஃபி எடுப்பது வேண்டாம்.
* போன் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

உதவிக்கு: மாநில கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, சென்னை மாநகராட்சி 1913.