சுமைதாங்கிக் கல்லும் பேற்றிடை மாண்ட பெண்டிரும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

மகவு ஈனுதலைத் தமிழ் 'பேறு' என்னும் சொல்லால் குறிக்கின்றது. பெறற்கரிய நலத்தை அடைதலும் பேறு. பிள்ளையைப் பெறுதலும் பேறு. ஆயின், அப்பேறு கைகூடாமல் வயிற்றுச் சுமையோடு உயிர்நீத்த பெண்ணைச் சமுதாயம் எவ்வாறு நினைவிற் கொண்டது? வளைகாப்பு, பேறுகால மருந்து, தீட்டு, தாலாட்டு ஆகியவை பற்றி விரிவாகப் பேசும் நம் வழக்காற்று ஆய்வுகளில் இவ்வினா போதிய இடம் பெறவில்லை. தமிழகத்துச் சுமைதாங்கிக் கல்லை மையமாகக் கொண்டு, வட இந்தியா, மெக்சிகோ, சப்பான் ஆகிய நிலங்களின் நம்பிக்கைகளோடு அதனை ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனிறும் ஐயவியும்

ஈன்ற அண்மைக் காலத்தைக் குறிக்கும் 'புனிறு' என்னும் சொல்லைத் தொல்காப்பிய உரியியல் எடுத்தோதுகின்றது. அந்நிலைக்கெனத் தனிச்சொல் இருந்தமை, ஈன்றவள் உற்றுக் கவனிக்கப்பட்டமையைக் காட்டும். புதல்வனை ஈன்றவள் நெய்யாடி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகால் காப்புப் பெற்றுத் துயிலும் காவல்மனையை நற்றிணை (40) காட்டுகின்றது. பரத்தையிற் பிரிந்த தலைவன் நள்ளிரவில் கள்வன்போல் அம்மனைக்குள் வருகின்றான். இங்கே கடுகு தாய்க்கும் சேய்க்கும் அரண். இக்கடுகினைப் பின்னர் வேறொரு பயன்பாட்டில் காண்போம்.

சுமைதாங்கிக் கல்

நட்டுவைத்த இரு கற்கள். அவற்றின்மேல் கிடத்திய ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நடந்து செல்வோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும், இளைப்பாறிய பின் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இது அமைந்திருக்கும். கேரளத்தில் இதனைச் சுமடுதாங்கி என்றும் அத்தாணி என்றும் வழங்குவர். சுமைதாங்கிகள் யாவும் இறந்தோர் நினைவாக எழுந்தவை அல்ல. வழிநடைப் பயணிகளுக்கான பொது அறமாக நிறுவப்பட்டவையும் உள. எனினும், சூலுற்ற நிலையில் இறந்த பெண்ணின் பொருட்டு இக்கல்லை நாட்டும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டதாகும்.

இவ்வழக்கத்தின் உட்பொருள் நோக்கத்தக்கது. இறந்தவள் தன் சுமையை இறக்காமலேயே சென்றுவிட்டாள். அவளால் இறக்க இயலாத சுமையை, வழியே செல்லும் முன்பின் அறியாத ஒருவர் தம் சுமையை இறக்குவதன் வாயிலாக இறக்கி வைக்கின்றார். ஒவ்வொரு முறை சுமை இறங்கும்போதும் அவள் உயிர் சிறிது ஆறுதல் பெறும் என்பது நம்பிக்கை. விறகு, நெல், உப்பு என எதைச் சுமந்து வந்தவராயினும், அறிந்தோ அறியாமலோ அச்சடங்கில் பங்குகொள்கின்றார்.

நடுகல்லோடு இதனை ஒப்பிடலாம். ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரனுக்குக் கல்நடும் முறையினைக் காட்சி முதல் வாழ்த்து ஈறாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கின்றது. செங்கம் பகுதி நடுகற்கள் வீரன் பெயரையும் வேந்தன் ஆட்சியாண்டையும் தாங்கி நிற்கின்றன. பேற்றிடை மாண்டவளுக்கு இத்தகைய இலக்கணம் எதுவும் வகுக்கப்படவில்லை. வீரனுக்குப் பெயர் எஞ்சியது. அவளுக்குப் பயன் எஞ்சியது.

அச்சம் என்னும் வேலி

தமிழ் மரபு இரக்கம் ஒன்றையே அறிந்திருந்தது என்று கூறுதல் பொருந்தாது. சூலோடு மாண்ட பெண் ஆவியாய் அலைவாள் என்னும் அச்சம் இங்கும் உண்டு. அவ்வாறு மாண்டோர் தெய்வமாக்கப்பட்ட கதைகளும் உண்டு. வட இந்தியாவில் இவ்வச்சம் 'சுடைல்' என்னும் உருவம் பெற்றது. கருவுற்ற நிலையிலோ பேற்றுத் தீட்டுக் காலத்திலோ இறந்தவள் பின்புறம் திரும்பிய பாதங்களோடு திரிவாள் என்னும் நம்பிக்கையை வில்லியம் குரூக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்துள்ளார். அவள் வீடு திரும்பாதிருக்கப் பிணத்தின் விரல்களில் ஆணி அறைதலும், வழியில் கடுகு இறைத்தலும் செய்யப்பட்டன. நற்றிணையில் தாயைக் காத்த கடுகு, இங்கே தாயினிடமிருந்து பிறரைக் காக்கும் பொருளாகின்றது. உயிரோடு இருக்குமட்டும் காக்கப்படுபவள், இறந்த மறுகணமே காக்கப்படவேண்டியோரின் பகையாகின்றாள்.

போர்க்களமாகிய பேறு

மெக்சிகோவின் அசுடெக் மக்கள் பேற்றினைப் போராகவே கருதினர். பெர்னார்டினோ தெ சகாகூன் என்னும் துறவி 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த புளோரன்சுச் சுவடி இதனை விரித்துரைக்கின்றது. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி போர்முழக்கம் எழுப்புவாள். ஈன்றவள் பகைவனைச் சிறைப்பிடித்த வீரனுக்கு ஒப்பானவள். பேற்றில் இறந்தவள் பகலவனை உச்சியிலிருந்து மேற்றிசைவரை அழைத்துச் செல்லும் பேறு பெறுவாள். அவளுடைய கூந்தலும் இடக்கை நடுவிரலும் போரில் துணிவு தரும் என நம்பிய இளம்வீரர் அவற்றைக் கவர முயல்வர். அதனால் கணவன் நான்கு இரவுகள் உடலைக் காவல் காப்பான். ஆயினும், அவளே குறித்த சில நாள்களில் நாற்சந்திகளில் இறங்கிக் குழந்தைகளுக்கு நோய் தருவாள் என்றும் அஞ்சினர். எத்துணைப் பெருமை அளித்தபோதும் அச்சம் முற்றும் நீங்கவில்லை என்பது இதனால் பெறப்படும்.

வழிப்போக்கர் பங்கு

சுமைதாங்கிக்கு மிக நெருங்கிய இணை சப்பானில் கிடைக்கின்றது. பேற்றில் இறந்து 'உபுமே' ஆனவள் வழிப்போக்கரிடம் தன் குழந்தையைச் சற்றே ஏந்துமாறு வேண்டுவாள். ஏந்தியவர் கையில் அக்குழந்தை வரவரக் கனக்கும். தாங்கி நின்றவர் பெருவலிமை பெறுவார் என்பது அந்நாட்டு வழக்கு. சுமையைப் பிறர் ஏற்கவேண்டும் என்னும் கருத்து இங்கும் உள்ளது.

'நாகரே கன்ஜோ' என்னும் சடங்கு இன்னும் தெளிவானது. 1878இல் சப்பானில் பயணம் செய்த இசபெல்லா பேர்டு இதனைக் கண்டு எழுதியுள்ளார். நீரோடையின்மேல் நான்கு மூங்கிற் கழிகளில் ஒரு துணியை விரித்துக் கட்டி, அருகில் அகப்பை ஒன்றை வைப்பர். அவ்வழியே செல்வோர் நீர் முகந்து துணியில் வார்ப்பர். துணி நைந்து, வார்த்த நீர் தங்காமல் உடனே ஒழுகும் நாளில் இறந்த தாய் துன்பத்திலிருந்து விடுபடுவாள். ஒருவர் வார்க்கும் ஓர் அகப்பை நீரால் துணி நைந்துவிடாது, பலர் வார்க்கவேண்டும். தமிழகத்துக் கல்லும் சப்பானியத் துணியும் தம்முள் தொடர்பின்றி ஒரே கருத்தை அடைந்துள்ளன: அவள் துயர் அவள் குடும்பத்தோடு முடிவதன்று, ஊராரும் அயலாரும் பங்கிட்டுத் தீர்க்கவேண்டிய கடன்.

முடிவுரை

பேற்றிடை மாண்டவளை அஞ்சி விலக்குதல், வீரமகளாய் ஏத்துதல், அவள் சுமையைப் பகிர்தல் என மூவகை நோக்குகளை மேற்கண்டவற்றால் அறியலாம். முதலாவது அவளையே குற்றவாளியாக்குகின்றது. இரண்டாவது அவள் இறப்பைத் தவிர்க்கவியலாத களச்சாவாக்குகின்றது. மூன்றாவது மட்டுமே எஞ்சியோரைப் பொறுப்பாளிகளாக்குகின்றது.

இப்பொறுப்பு வெறும் நம்பிக்கை சார்ந்ததன்று. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மெல்வைசு என்னும் மருத்துவர் குளோரின் கலந்த நீரால் கைகழுவும் முறையைப் புகுத்தியபோது, பேற்றுக் காய்ச்சலால் இறக்கும் தாய்மார் தொகை வெகுவாகக் குறைந்தது. தாயைக் கொன்றது விதியன்று, பிறர் கையின் அழுக்கு என்பது புலனாயிற்று. இந்தியாவில் ஓரிலக்கம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001-03இல் 301ஆக இருந்த தாய்மார் இறப்பு, 2019-21இல் 93ஆகக் குறைந்தது. தவிர்க்க முடியாதவை எனக் கருதப்பட்ட இறப்புகள் தவிர்க்கப்பட்டுள்ளன. எஞ்சிய 93ஆம் வெறும் எண்ணாகக் கடந்துசெல்லத் தக்கதன்று.

தலைச்சுமைப் பயணம் அருகியபின் சுமைதாங்கிகள் பயனற்ற கற்களாய்க் கருதப்படுகின்றன; சாலை விரிவாக்கத்தின்போது பெயர்த்தெறியவும் படுகின்றன. நடுகற்களுக்கு எடுத்த முயற்சியை இக்கற்களுக்கும் எடுத்தல் வேண்டும். எஞ்சியவற்றின் இடம், அமைப்பு, எழுத்துப்பொறிப்பு ஆகியவற்றோடு, எவள் நினைவாக நாட்டப்பட்டது என ஊர்முதியோர் கூறும் செய்தியையும் சேர்த்துத் தொகுத்தல் நம் துறையினர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். கல் பெயர்க்கப்பட்டாலும் வேறிடத்தில் நிற்கக்கூடும். முதியோர் மறைந்தபின் அவள் பெயரைச் சொல்வார் இரார்.