வாக்குச்சீட்டு தந்த சர்வாதிகாரி: பஸ் விண்ட்ரிப்பின் எழுச்சியும் ஆட்சியும்

1935 அக்டோபரில் சின்க்ளேர் லூயிஸின் ‘இட் கான்ட் ஹாப்பன் ஹியர்’ நாவல் வெளிவந்தபோது அதை மாற்று வரலாறு என்று யாரும் அழைக்கவில்லை. இங்கெல்லாம் அப்படி நடக்காது என்று அடித்துச் சொல்லும் தலைப்பு. நடந்தால் எப்படி நடக்கும் என்று விவரிக்கும் கதை. அடுத்த ஆண்டு நடக்கவிருந்த அமெரிக்க அதிபர் தேர்தல்தான் அதன் களம். 1936 நவம்பரில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றிய பிறகு, எச்சரிக்கையாக எழுதப்பட்ட நூல் நடக்காத வரலாறாக மாறிவிட்டது. அதன் நாயகன், அல்ல, அதன் வில்லனான பெர்ஸீலியஸ் ‘பஸ்’ விண்ட்ரிப், வராத ஆட்சி ஒன்றின் அதிபராக நிலைத்துவிட்டான்.

விண்ட்ரிப்பை ஹிட்லரின் அமெரிக்கப் பிரதி என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது விமர்சகர்களின் வழக்கம். அது பாதிதான் சரி. அவன் ஆட்சிக்கு வரும் வழி முழுக்க முழுக்க அமெரிக்க மண்ணில் விளைந்தது. ஆட்சி நடத்தும் முறையைத்தான் லூயிஸ் ஐரோப்பாவிலிருந்து தருவித்தார். இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒட்டுத் தெரிகிறது. அந்த ஒட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லூயிஸுக்கு ஐரோப்பியச் செய்தி வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. அவர் மனைவி டாரதி தாம்ப்ஸன் பெர்லினில் பணியாற்றிய பத்திரிகையாளர். 1931இல் ஹிட்லரைப் பேட்டி கண்டு, இந்த ஆள் ஒன்றுக்கும் ஆகமாட்டான் என்ற தொனியில் எழுதினார். 1934 ஆகஸ்டில் நாஜி அரசு 24 மணி நேரக் கெடு வைத்து அவரை நாட்டை விட்டு வெளியேற்றியது. இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1930இல் பெற்று, அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் என்ற பெயரும் எடுத்திருந்த லூயிஸ், 1935 கோடையில் வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணை வீட்டில் உட்கார்ந்து சில மாதங்களில் நாவலை எழுதி முடித்தார். அவசரம் பல பக்கங்களில் தெரியும். கதை நடக்கும் ஃபோர்ட் பியூலா என்ற கற்பனை ஊரும் வெர்மான்ட்டில்தான் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய நாளிதழை நடத்தும் அறுபது வயது டோரமஸ் ஜெஸ்ஸப்பின் கண் வழியாகவே நாடு சரிவதைப் பார்க்கிறோம்.

விண்ட்ரிப்பின் எழுச்சிக்கு வேண்டிய சரக்கு லூயிஸியானாவிலிருந்து வந்தது. ஹியூயி லாங் 1928இல் அம்மாநில ஆளுநரானார். 1932இல் செனட்டுக்குப் போனார். போன பிறகும் மாநிலத்தைக் கையிலிருந்து விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல், சேறாகக் கிடந்த ஊர்களுக்குச் சாலை, ஆறுகளுக்குக் குறுக்கே பாலம் என்று ஏழைகள் கண்ணால் பார்க்கக்கூடியவற்றைச் செய்தார். 1934 பிப்ரவரியில் ‘நம் செல்வத்தைப் பகிர்வோம்’ இயக்கத்தைத் தொடங்கினார். பெரும் பணக்காரர்களின் சொத்துக்கு வரம்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 டாலர் மதிப்புள்ள உடைமை என்பது அதன் வாக்குறுதி. நாவலில் விண்ட்ரிப்பும் அதே 5,000 டாலரைத்தான் வீசுகிறான், அதுவும் ஆண்டுதோறும். மேடைக் கூத்தும் லாங்கின் சொத்தே. 1935 ஜூனில் செனட்டில் ஒரு மசோதாவைத் தடுக்க 15 மணி நேரத்துக்கும் மேல் பேசியவர், இடையே சிப்பி வறுப்பது எப்படி என்று சமையல் குறிப்பும் சொன்னார்.

வானொலி இன்னொரு ஊற்று. மிச்சிகன் மாநிலத்து ராயல் ஓக் ஊரின் கத்தோலிக்கப் பாதிரியார் சார்லஸ் காக்லின் ஞாயிறுதோறும் பேசுவதை லட்சக்கணக்கான வீடுகள் கேட்டன. 1934 இறுதியில் அவர் தொடங்கிய சமூக நீதிக்கான தேசிய ஒன்றியம் 16 கொள்கைகளை அறிவித்தது. லூயிஸ் அவரைப் பிஷப் ப்ராங் ஆக்கி, ‘மறக்கப்பட்டோர் கழகம்’ ஒன்றின் தலைமையையும் கொடுத்தார். விண்ட்ரிப்புக்கு 15 அம்சத் திட்டத்தை எழுதித் தந்தார். அந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். வங்கிகள் அரசின் பிடிக்குள் வரும், தனிமனித வருமானத்துக்கு உச்சவரம்பு வரும் என்று இடதுசாரிகளுக்குக் கொஞ்சம். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை, பெண்கள் அடுப்படிக்குத் திரும்பட்டும் என்று மற்றவர்களுக்கு நிறைய. கடைசியாக 15ஆவது அம்சம்: நாடாளுமன்றம் இனி ஆலோசனை மட்டும் சொல்லும், உச்ச நீதிமன்றம் அதிபரின் ஆணைகளைத் தள்ளுபடி செய்ய முடியாது. அவன் எதையும் ஒளிக்கவில்லை. அச்சடித்து விநியோகித்துத்தான் வாக்குக் கேட்டான்.

ரூஸ்வெல்ட்டைத் தள்ளிவிட்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகிறான் விண்ட்ரிப். நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அவன் பேச்சைக் கேட்கப் போகிறார் ஜெஸ்ஸப். பக்கத்தில் பார்த்தால் குள்ளமான, பெரிய தலையும் தொங்கும் கன்னங்களும் கொண்ட சாதாரண ஆள். சொல்லும் புள்ளிவிவரங்கள் தப்பு. ஆனாலும் அரங்கில் இருந்த நேரம் முழுக்க ஜெஸ்ஸப்பே கட்டுண்டு கிடக்கிறார். வெளியே வந்து யோசித்தால் அந்த ஆள் பேசியதில் ஒரு வாக்கியம்கூட நினைவில் இல்லை. அரசியல் பொதுக்கூட்டத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமான பக்கங்கள் அந்தப் பத்தாண்டின் அமெரிக்கப் புனைகதையில் அதிகம் இல்லை என்பது என் கணிப்பு. விண்ட்ரிப்பின் பெயரில் வரும் ‘ஜீரோ அவர்’ என்ற நூலை எழுதுபவனும், அவனுக்கு நேரம் பார்த்து வசனம் எடுத்துக் கொடுப்பவனும் செயலாளர் லீ சரேசன். தலைவன் தயாரிக்கப்படுகிறவன் என்பதை லூயிஸ் மறைக்கவில்லை.

பதவியேற்றதும் கதையின் வேகம் மாறுகிறது. தேர்தல் காலத்தில் கொடி பிடித்து அணிவகுத்த ‘மினிட் மென்’ தொண்டர்கள் முதல் நாளே ராணுவத்தின் துணைப்படையாகி ஆயுதம் ஏந்துகிறார்கள். அடுத்த நாள் 15ஆவது அம்சத்தை நிறைவேற்றச் சொல்கிறான். நாடாளுமன்றம் மறுக்கிறது. பொழுது சாய்வதற்குள் ராணுவச் சட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கைது. ஹிட்லர் 1933 ஜனவரி 30இல் பிரதமரானவர். எல்லா அதிகாரத்தையும் கையில் தரும் சட்டம் மார்ச் 23இல்தான் நிறைவேறியது. அவருக்கு ஏழு வாரங்களுக்கு மேல் பிடித்ததை விண்ட்ரிப் இரண்டே நாளில் முடிக்கிறான். ஒட்டுத் தெரிகிறது என்றேனே, அது இந்த இரண்டாம் நாள்தான்.

அதற்கப்புறம் வருவதெல்லாம் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் படித்தவை. மாநிலங்கள் கலைக்கப்பட்டு எட்டு மாகாணங்கள். ஒற்றைக் கட்சி; அதன் ஆட்களுக்குக் ‘கார்ப்போ’ என்று பெயர். புத்தக எரிப்பு, வதை முகாம். ஜெஸ்ஸப்பின் மருமகன் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஜெஸ்ஸப்பும் முகாமுக்குப் போகிறார். இவற்றில் இரண்டு விஷயங்கள் மட்டும் இரவல் வாங்கியதாகத் தோன்றவில்லை. ஒன்று, வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்த விதம். வேலையற்றவர்களைத் தொழிலாளர் முகாம்களில் அடைத்து, நாளுக்கு ஒரு டாலர் கூலிக்குக் கம்பெனிகளிடம் வாடகைக்கு விடுகிறது அரசு. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் என்று அந்த டாலரில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. மலிவான ஆள் கிடைத்ததும் கம்பெனிகள் ஏற்கெனவே இருந்த தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்புகின்றன. அவர்களும் முகாமுக்கு வந்து சேர்கிறார்கள். 5,000 டாலர் கடைசிவரை வரவில்லை.

மற்றொன்று ஷாட் லெடூ. ஜெஸ்ஸப் வீட்டில் புல் வெட்டி, அடுப்புக்கு விறகு பிளந்து, எதையும் அரைகுறையாகச் செய்து, ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த வேலையாள். புதிய ஆட்சியில் அவனே மாவட்ட அதிகாரி. பழைய முதலாளியின் வீட்டுக் கூடத்தில் அனுமதி கேட்காமல் வந்து நிற்கிறான். பெர்லினில் திரட்டிய செய்தி எதிலும் இந்த ஆள் இல்லை. நெடுநாள் அவமதிப்பைச் சேர்த்துவைத்த ஒருவனுக்குச் சீருடை கிடைத்தால் என்ன செய்வான் என்று லூயிஸ் தம் சொந்த ஊர்களைப் பார்த்து எழுதியது இது. அவனைக் கெட்டவன் என்று மட்டும் காட்டிவிட்டு, கூலி கொடுத்த ஜெஸ்ஸப் அவனை எப்படி நடத்தினார் என்பதைத் தொட்டும் தொடாமலும் விட்டதை நாவலின் குறையாகவே பார்க்கிறேன்.

விண்ட்ரிப்பை மக்கள் கவிழ்க்கவில்லை. கூடவே இருந்து அவனை உருவாக்கிய சரேசனே அவனைப் பிரான்சுக்கு நாடு கடத்திவிட்டு நாற்காலியில் அமர்கிறான். சரேசனைக் கொன்றுவிட்டுத் தளபதி டூயி ஹேக் வருகிறான். மக்களின் கவனத்தைத் திருப்ப மெக்ஸிகோவுடன் போர் மூட்டப்படும்போதுதான் கிளர்ச்சி வெடிக்கிறது.

லூயிஸியானாவுக்குத் திரும்புவோம். சர்வாதிகாரத்தின் உள்நாட்டு மாதிரி ஒன்று அங்கே நடைமுறையிலேயே இருந்தது. லாங் சட்டமன்றத்தைக் கைது செய்யவில்லை, ஓயாமல் கூட்டினார். 1934இலும் 1935இலும் அடுத்தடுத்து நடந்த சிறப்புக் கூட்டங்களில், உறுப்பினர்கள் படித்துப் பார்க்கக்கூட அவகாசமின்றி மசோதாக்கள் கட்டுக்கட்டாக நிறைவேறின. உள்ளாட்சி நியமனங்கள், போலீஸ், தேர்தல் அலுவலர்கள் என ஒவ்வொன்றும் சட்டப்படியே அவர் கைக்கு வந்தன. எதிர்த்தெழுதிய பெரிய நாளிதழ்களைப் பூட்டவில்லை. வாரம் 20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் இதழ்களின் விளம்பர வருவாய்க்கு 2 சதவீத வரி போட்டார். உச்ச நீதிமன்றம் 1936இல்தான் அந்த வரியை ரத்து செய்தது. இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஆட்சியை வர்ணிக்க லூயிஸ் பெர்லினுக்குப் போனார். வாசகரை உலுக்க வதை முகாம் வேண்டியிருந்தது. சிறப்புக் கூட்டமும் விளம்பர வரியும் யாரையும் உலுக்காது.

1935 செப்டம்பர் 8 அன்று, தாமே கட்டிய 34 மாடி மாநிலத் தலைமையகத்தின் நடைவழியில் லாங் சுடப்பட்டார். 10ஆம் தேதி இறந்தார். நாவல் கடைக்கு வரச் சில வாரங்களே இருந்தன. அதே ஆண்டு லாங்கின் சொந்த நூலும் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. ‘வெள்ளை மாளிகையில் என் முதல் நாட்கள்’ என்ற பொருள் தரும் அந்நூல், தாம் அதிபராகிவிட்டதாகவே வைத்து அவர் எழுதியது. அதில் ரூஸ்வெல்ட்டைக் கடற்படை அமைச்சராகவும் ஹூவரை வணிக அமைச்சராகவும் நியமிக்கிறார். ஒரே மனிதரின் ஆட்சியைப் பற்றி அவரே எழுதிய கனவும் அவரை மனத்தில் வைத்து இன்னொருவர் எழுதிய கொடுங்கனவும் ஒரே ஆண்டில் அச்சாகி, ஒரே துப்பாக்கிச் சூட்டால் மாற்று வரலாறாயின. லாங் இல்லாமல் காக்லினும் மற்றவர்களும் சேர்ந்து 1936 தேர்தலில் நிறுத்திய வேட்பாளருக்கு 2 சதவீத வாக்குக்கூடக் கிடைக்கவில்லை.

விண்ட்ரிப்பின் பிற்கால வாழ்க்கை விசித்திரமானது. எம்ஜிஎம் நிறுவனம் படமாக்கும் உரிமையை வாங்கி, திரைக்கதையும் எழுதவைத்துவிட்டு, 1936 பிப்ரவரியில் கைவிட்டது. தணிக்கை அலுவலகம்தான் தடுத்தது என்றார் லூயிஸ், அவ்வலுவலகம் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 27 இரவு, அரசின் வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில் இயங்கிய ஃபெடரல் தியேட்டர், நாவலின் நாடக வடிவத்தை நாட்டின் 20க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நேரத்தில் மேடையேற்றியது. இத்திஷ் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும்கூட நடந்தது. 1939இல் நாடாளுமன்றம் அந்த நாடக அமைப்புக்கான நிதியை நிறுத்தி மூடிவிட்டது. 1980களில் கென்னத் ஜான்சன் இந்நாவலைத் தழுவித் தொலைக்காட்சித் தொடர் எழுதப்போக, என்பிசி நிறுவனம் விண்வெளிக் கதையாக மாற்றச் சொன்னது. 1983இல் ‘வி’ என்ற பெயரில் வந்த தொடரில் சர்வாதிகாரிகள் மனிதத் தோல் போர்த்திய பல்லியினத்தார். லூயிஸ் அரும்பாடுபட்டு உள்ளூர்க்காரனாக்கிய விண்ட்ரிப்பை ஹாலிவுட் வேற்றுக்கிரகவாசியாக்கியது. வாக்குச்சீட்டுக்கு அதில் வேலையே இல்லை.

லூயிஸ் லூயிஸியானாவிலேயே விட்டுவந்ததை எடுத்துக்கொண்டவர் பிலிப் ராத். 2004இல் வந்த ‘தி ப்ளாட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா’வில், அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பர்க் 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டை வெல்கிறார். அங்கே முகாம் இல்லை, நாடாளுமன்றக் கைது இல்லை. யூத இளைஞர்களைப் பண்ணைக் குடும்பங்களோடு தங்கவைக்கும் அரசுத் திட்டம் ஒன்று; யூத ஊழியர்களை அவர்களின் நிறுவனம் வழியாகவே தொலைதூர மாநிலங்களுக்கு மாற்றும் திட்டம் இன்னொன்று. எல்லாம் அலுவலகக் கடிதங்களாக வருகின்றன, மரியாதையான நடையில். ஆனால் ராத் கடைசியில் லிண்ட்பர்க்கின் விமானத்தைக் காணாமல் போகவைத்து, ரூஸ்வெல்ட்டைத் திரும்பக் கொண்டுவந்து, வரலாற்றை அதன் பழைய தடத்தில் ஏற்றிவிடுகிறார். லூயிஸ் அந்தச் சலுகையை வாசகருக்குத் தரவில்லை. அவர் கதை முடியும்போது விண்ட்ரிப் அமெரிக்காவிலேயே இல்லை, உள்நாட்டுப் போரோ ஓயவில்லை. ஜெஸ்ஸப் பொய்ப்பெயரில் மின்னசோட்டாவில் திரிந்துகொண்டிருக்கிறார்.