பங்குனி ஆமைக்குப் பின்னால் ஒரு நடை

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவில் நீலாங்கரைக் கடற்கரையில் கோலும் நோட்டுமாக நடந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகளைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆமை முட்டையைத் தேடும் நடை அது. அதன் பூர்வீகத்தைத் தோண்டினால் கோஸ்டாரிக்கா வரை போக வேண்டியிருக்கும்.

அங்கே டோர்டுகேரோ கடற்கரையில், 1950களின் நடுவில், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆர்ச்சி கார் பச்சை ஆமைகளுக்கு எண் போட ஆரம்பித்தார். முட்டையிட்ட பின் அவை எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஓட்டில் துளையிட்டுக் கம்பியால் தகடு கட்டினார், நிற்கவில்லை. இணைசேர வரும் ஆண் ஆமைகள் அதை உராய்ந்தே பிய்த்துவிட்டன! கடைசியில் கைகொடுத்தது, பண்ணைகளில் மாட்டின் காதில் மாட்டும் உலோக வில்லை. அதைத் துடுப்பில் மாட்டினார்கள். இரவுக் காவலுக்கு மாணவர்கள். திருப்பி அனுப்பினால் பரிசு என்பதால், நிகரகுவா மீனவர்கள் ஆமையைப் பிடித்துவிட்டு வில்லையைத் தபாலில் சேர்த்தார்கள். ஆமையின் பயண வரைபடம் அப்படித்தான் உருவானது.

அதே ஃபுளோரிடாவில் 1960களில் பாம்புப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்த இளைஞர் ரோமுலஸ் விட்டேகர். இந்தியா திரும்பி, சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கினார். கிண்டிக்கு அது வந்தது தற்செயல் அதிர்ஷ்டம், பக்கத்திலேயே ஐஐடி. பாம்பு பார்க்க வந்த இளைஞர்கள் சிலர் 1973-74 வாக்கில் அவரோடு தெற்கே கடற்கரையில் இரவில் நடந்தார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தை, அந்த முட்டைகளை எடுத்து விற்பவர்கள் ஏற்கெனவே மணலில் குத்திப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மாணவர்களும் கோலால் குத்தித்தான் தேடினார்கள். இருவருக்கும் ஒரே வித்தை. முட்டை போய்ச் சேரும் இடம்தான் வேறு.

ஐஐடியில் பொறியியல் படிக்க வந்து இந்தக் கூட்டத்தில் சிக்கியவர் சதீஷ் பாஸ்கர். பின்னாளில் இந்தியத் தீவுகளின் கடற்கரைகளைப் பெரும்பாலும் தனியாகவே நடந்து அளந்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் சுஹேலி தீவில் மாதக்கணக்கில் தன்னந்தனியாகத் தங்கினார். படகு வராத பருவம். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, போத்தலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கை மீனவர் ஒருவர் கைக்குப் போய், அவர் தபாலில் சேர்த்து, வீடு வந்து சேர்ந்தது. நம் தபால் துறையே பொறாமைப்படலாம். பிறகு அவர் இந்தோனேசியாவுக்கும் போய்த் தோணியாமைகளுக்கு வில்லை மாட்டினார். கடன் வாங்கிய வித்தை சென்னை வழியாக ஏற்றுமதியும் ஆகிவிட்டது.

இதற்கிடையே, எடுத்த முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1970களின் பிற்பகுதியில் கோவளத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நடத்தியது, அடுத்து வனத்துறை. 1988 வாக்கில் அதுவும் கைவிட்டபோது மாணவர்களே எடுத்துக்கொண்டு, மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவைத் தொடங்கினார்கள். பாடத்திட்டம் இல்லை, மதிப்பெண் இல்லை. அந்த முதல் கூட்டத்தில் இருந்த கார்த்திக் சங்கர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியரானார்.

வேலை எளிதல்ல. ஒரு கூட்டில் சுமார் நூறு முட்டைகள். இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து, தாய் தோண்டியது போன்ற குடுவை வடிவக் குழியில் பொரிப்பகத்தில் மறுபடி புதைக்க வேண்டும். தாமதமானால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அசைத்தால் செத்துவிடும். ஏறத்தாழ 45 முதல் 55 நாளில் குஞ்சு வரும். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வெளிச்சம் தெரியும் பக்கமே கடல் என்று ஓடும் குஞ்சு, தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்துவிடும். கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்லி மாணவர்கள் அலைவது அதனால்தான்.

2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவக் குப்பத்து இளைஞர்களைக் காவலர்களாக்கியது. என் கணக்கில் இந்தக் கதையின் புத்திசாலித்தனமான திருப்பம் அதுவே. மாணவர் படிப்பு முடிந்து போய்விடுவார், குப்பத்துப் பையன் அங்கேயேதான் இருப்பான்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சுத் திணறியவை. முட்டைக்காக நடந்தவர்கள் அந்தப் பருவத்தில் பிணங்களையும் எண்ணிக் குறித்தார்கள். இழுவைப் படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வரக் கூடாது என்ற பழைய விதியைப் பற்றி அதற்குப் பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது.