நாணயம் முடிவு செய்த முதலிடம்

லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. இரண்டு அணிகளுக்கும் ஒரே வெற்றி, ஒரே தோல்வி. யார் மேலே, யார் கீழே? கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் இதற்கு யார் யார் எப்படியெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். வேலை மென்பொருள் என்பதால், வரிசைப்படுத்தும் பிரச்சினை எங்கே கண்ணில் பட்டாலும் விட மனசு வராது. சேர்த்து வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே வைக்கிறேன்.

முதலில் பின்னணி. அமெரிக்கக் கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் ஒரு தனி லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க லீக் ஆட்டங்கள். மார்ச்சில் அந்தந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே ஒரு நாக் அவுட் போட்டி. அதில் ஜெயிக்கிற அணிக்கு என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் நேரடி இடம்.

1939இல் 8 அணிகளோடு தொடங்கிய தேசியப் போட்டியில் இப்போது 68 அணிகள். ஆனால் 1974 வரை ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஒரு அணிதான் போகலாம். அந்த வருடம் அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் நார்த் கரோலினா ஸ்டேட் 103, மேரிலாண்ட் 100. அதுவும் கூடுதல் நேரத்தில். மேரிலாண்ட் அப்போது நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. மூன்று புள்ளியில் தோற்றதால் தேசியப் போட்டிக்கே போக முடியவில்லை. ஜெயித்த அணி தேசிய சாம்பியன் ஆனது. அடுத்த வருடமே, 1975இல், போட்டி 32 அணிகளாக விரிந்தது; ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து இரண்டாவது அணிக்கும் கதவு திறந்தது. பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. சின்ன கான்ஃபரன்ஸ்களில் பெரும்பாலும் இன்னமும் ஒரே ஒரு அணிதான் போகிறது.

அதனால் நாக் அவுட்டில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பது பெரிய விஷயம். அதைத்தான் சீடிங் என்கிறார்கள். 2025இல் சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில், அதாவது எஸ்.இ.சி.யில், 16 அணிகள். முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் நேராகக் காலிறுதியில் நுழைவார்கள். மூன்று வெற்றி போதும். 5 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு நான்கு வெற்றி வேண்டும். 9க்குக் கீழே என்றால் ஐந்து நாளில் ஐந்து வெற்றி. நான்காவது இடத்துக்கும் ஐந்தாவது இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு முழு ஆட்டத்தின் களைப்பு. அட்லான்டிக் கோஸ்டில் இன்னும் கொடுமை: இப்போது இருக்கும் 18 அணிகளில் 15 அணிகளுக்குத்தான் நாக் அவுட்டில் இடம். பதினைந்தாவது இடத்துக்கு இரண்டு அணிகள் சமமாக நின்றால், டைபிரேக்கரில் தோற்கிற அணிக்கு அன்றோடு சீசன் முடிந்தது. கடைசி வருட மாணவர் பலருக்கு அதோடு விளையாட்டு வாழ்க்கையே முடிந்தது.

சரி, சமநிலையை எப்படி உடைப்பது? பழைய வழி, மறுபடியும் ஆடிப் பார்ப்பது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் எல்லாம் இருக்கும் ஐவி லீக் இந்த வழியை 2016 வரை விடவில்லை. எட்டு அணிகள், ஒவ்வொன்றும் மற்ற ஏழோடு இரண்டு தடவை, மொத்தம் 14 ஆட்டம். முதலிடம் பிடித்தவர் தேசியப் போட்டிக்குப் போவார். சமமாக நின்றால் பொதுவான ஓர் ஊரில் ஒரே ஒரு ஆட்டம் ஆடி முடிவு.

1996இல் பிரின்ஸ்டனும் பென்சில்வேனியாவும் 12 வெற்றி, 2 தோல்வி என்று சமமாக முடித்தன. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம்: அந்த சீசனில் இருவரும் மோதிய இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தது பென்சில்வேனியா. இன்று பெரும்பாலான கான்ஃபரன்ஸ்கள் முதலில் பார்ப்பது நேருக்கு நேர் கணக்கைத்தான். அந்த விதி ஐவி லீகில் இருந்திருந்தால் பேச்சே இல்லை, பென்சில்வேனியா போயிருக்கும். ஆனால் விதி 'ஆடிப் பார்' என்றது. மார்ச் 9 அன்று பெத்லஹேம் என்ற ஊரில் ஆடினார்கள். பிரின்ஸ்டன் 63, பென்சில்வேனியா 56, கூடுதல் நேரத்தில். அன்றுதான் பிரின்ஸ்டனின் பயிற்சியாளர் பீட் கேரில் ஓய்வு பெறப்போவதாக அணியினரிடம் சொன்னார். ஐந்து நாள் கழித்து, தேசியப் போட்டியின் முதல் சுற்றில், நடப்பு சாம்பியன் யூ.சி.எல்.ஏ.வை 43–41 என்று கவிழ்த்தார்கள். கல்லூரி பாஸ்கெட்பாலின் மறக்கமுடியாத அதிர்ச்சிகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த ஆட்டத்தை விடுவதில்லை. வேறொரு டைபிரேக்கர் விதி இருந்திருந்தால் அந்த ஆட்டமே நடந்திருக்காது!

அப்போ எந்த விதி நியாயம்? 'இரண்டு தடவை ஜெயித்தவனை மூன்றாவது தடவை ஆடச்சொல்வது என்ன நியாயம்' என்று பென்சில்வேனியா ரசிகர் கேட்கலாம். '14 ஆட்டமும் ஒரே மதிப்பு என்றால், அதில் இரண்டுக்கு மட்டும் ஏன் இரட்டை மதிப்பு' என்று பிரின்ஸ்டன் ரசிகர் திருப்பிக் கேட்கலாம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இரண்டு விதிகளும் அளப்பது வேறு வேறு விஷயம்.

மறுபடி ஆடிப் பார்க்கும் வழி அழகானது. 2011இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் யேலின் அரங்கில் ஆடி, கடைசி நொடியில் டக்ளஸ் டேவிஸ் போட்ட பந்தில் பிரின்ஸ்டன் 63–62 என்று ஜெயித்தது. 1946க்குப் பிறகு தேசியப் போட்டியையே பார்க்காத ஹார்வர்ட் இன்னொரு வருடம் காத்திருந்தது. ஆனால் இந்த வழி ஓரிரு அணிகளுக்குத்தான் சரிப்படும். 2002இல் ஐவியில் மூன்று அணிகள் சமமாக நின்றன. யேல் பிரின்ஸ்டனை ஜெயித்து, அதற்குப் பிறகு பென்சில்வேனியாவிடம் தோற்றது. 16, 18 அணிகள் உள்ள கான்ஃபரன்ஸில் ஏழெட்டு இடங்களில் சமநிலை வரும். எல்லாருக்கும் மறு ஆட்டம் வைக்க நாட்காட்டியில் இடமில்லை. 2017இல் ஐவியும் நான்கு அணி நாக் அவுட்டுக்கு மாறிவிட்டது.

ஆகவே காகிதத்தில்தான் தீர்க்க வேண்டும். விதிகள் கான்ஃபரன்ஸுக்கு கான்ஃபரன்ஸ் மாறினாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றே. முதலில் நேருக்கு நேர். அதுவும் சமம் என்றால், பட்டியலின் முதல் அணியோடு யார் எப்படி ஆடினார்கள். பிறகு இரண்டாவது அணியோடு. இப்படியே கீழே வரை. பெரிய அணியை ஜெயித்தவனுக்கு மரியாதை என்பது இதன் உள்ளர்த்தம். கடைசி அணியிடம் தோற்றது மன்னிக்கப்படுகிறது. பட்டியலைக் கீழிருந்து மேலே படித்தால் பதில் தலைகீழாக மாறலாம். யாரிடமும் சறுக்காத, ஆனால் பெரிய வெற்றி எதுவும் இல்லாத அணி மேலே வந்துவிடும்.

மூன்று அணிகள் சமமானால் தலைவலி ஆரம்பம். 'அ' அணி 'ஆ'வை ஜெயிக்கிறது, 'ஆ' 'இ'யை ஜெயிக்கிறது, 'இ' 'அ'வை ஜெயிக்கிறது. கல், காகிதம், கத்தரிக்கோல் கதை. அதனால் மூவருக்குள் நடந்த ஆட்டங்களை மட்டும் பிரித்து ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள். இதிலும் ஒரு பொறி உண்டு. குட்டிப் பட்டியலில் அ 3–1, ஆ 2–2, இ 1–3 என்று வைத்துக்கொள்வோம். 'அ' மேலே போய்விட்டது, சரி. மீதி இருவரில் யார்? அதே பட்டியலைத் தொடர்ந்தால் 'ஆ'. ஆனால் இப்போது இது இரண்டு அணிச் சமநிலைதானே, விதியை முதலிலிருந்து ஓட்டலாம் என்றால், அவர்கள் இருவருக்குள் 1–1 ஆக இருக்கலாம். அப்போது அடுத்த விதிக்குப் போக வேண்டும். அங்கே 'இ' முந்தக்கூடும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய இடம். லூப்பை எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று எழுதி வைக்காவிட்டால் இரண்டு பேர் இரண்டு விடை கொண்டுவருவார்கள். அதனால்தான் பல கான்ஃபரன்ஸ்களின் விதிகளில், ஓர் அணி பிரிந்த பிறகு மீதியை எப்படிக் கையாள்வது என்று தனியாக ஒரு வரி இருக்கும்.

யார் சமம் என்பதைச் சொல்வதே சில நேரம் ஒரு விதிதான். கொரோனா காலத்து 2021 சீசனில் பிக் டென் கான்ஃபரன்ஸில் எல்லாரும் ஒரே எண்ணிக்கையில் ஆட முடியவில்லை. மிச்சிகன் 14–3. இல்லினாய் 16–4. இரண்டு வெற்றி அதிகம், ஒரு தோல்வி அதிகம். விகிதப்படி பார்த்தால் மிச்சிகன் .824, இல்லினாய் .800. முதலிடம் மிச்சிகனுக்கு. ஆனால் இருவரும் மோதிய ஒரே ஆட்டத்தில், அதுவும் மிச்சிகனின் ஊரிலேயே, இல்லினாய் 76–53 என்று நொறுக்கியிருந்தது. இல்லினாய் தரப்பு கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. விகிதம் சமமாக இருந்தால்தான் நேருக்கு நேர் கணக்கைப் பார்ப்பார்கள். விகிதம் சமம் இல்லை, எனவே அந்த 23 புள்ளி வித்தியாசத்தை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை.

இனி 2025, எஸ்.இ.சி. பெண்கள் பிரிவு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இதுதான். டெக்சஸ் பல்கலைக்கழகம் இந்த கான்ஃபரன்ஸுக்குப் புதிதாக வந்த முதல் சீசன். டான் ஸ்டேலி பயிற்சி தரும் சவுத் கரோலினா ஏற்கெனவே ராணி. 16 அணிகள், ஆளுக்கு 16 ஆட்டம். அதாவது மற்ற 15 அணிகளோடும் ஒவ்வொரு ஆட்டம், ஒரே ஒரு அணியோடு மட்டும் இன்னொன்று. சவுத் கரோலினாவுக்கு அந்த இன்னொன்று டெக்சஸோடு அமைந்தது. ஜனவரியில் சவுத் கரோலினா 67–50. பிப்ரவரியில் டெக்சஸ் 66–62. மற்ற 14 அணிகளையும் இருவருமே ஜெயித்தார்கள். முடிவில் இருவரும் 15–1.

இப்போது விதிகளை ஓட்டிப் பாருங்கள். நேருக்கு நேர் 1–1. மூன்றாவது அணியோடு? இருவரும் ஜெயித்தார்கள். நான்காவது? ஜெயித்தார்கள். கடைசி அணி வரை அப்படியே. ஒருவரிடம் மட்டுமே இன்னொருவர் தோற்றிருப்பதால், வெற்றி தோல்வியை மட்டும் வைத்து எவ்வளவு புத்திசாலித்தனமாக விதி எழுதினாலும் இவர்களைப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கான தகவலே அந்தப் பட்டியலில் கிடையாது.

புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கலாமே என்பீர்கள். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் இருக்கிறதே! பார்த்திருந்தால் சவுத் கரோலினா 17 கூட்டல், 4 கழித்தல், 13 புள்ளி முன்னிலை. ஆனால் கல்லூரி விளையாட்டில் இதற்கு ஒரு பழைய தயக்கம் உண்டு. வித்தியாசத்துக்கு மதிப்பு கொடுத்தால், ஏற்கெனவே தோற்றுவிட்ட அணியைக் கடைசி நிமிடம் வரை போட்டு அடிப்பார்கள். 2018இல் என்.சி.ஏ.ஏ. ஆண்கள் பிரிவுக்குக் கொண்டுவந்த 'நெட்' தரவரிசைகூட வெற்றி வித்தியாசத்தை 10 புள்ளிக்கு மேல் எண்ணவில்லை.

கடைசியில் மிஞ்சியது பூவா தலையா. மார்ச் 2 அன்று கமிஷனர் க்ரெக் சாங்கி தொலைக்காட்சி நேரலையில் நாணயத்தைச் சுண்டினார். சவுத் கரோலினா முதலிடம், டெக்சஸ் இரண்டாமிடம். லீக் பட்டம் இருவருக்கும் பொது. சீடிங்கைப் பங்கு போட முடியாதே. இரண்டாமிடம் என்பதால், மூன்றாமிடத்து எல்.எஸ்.யூ. டெக்சஸின் பாதையில் அரையிறுதியில் வந்து நின்றது. அதைத் தாண்டித்தான் டெக்சஸ் இறுதிக்கு வந்தது.

சீசன் முழுக்க ஆடியதை ஒரு நாணயம் முடிவு செய்வதா என்று அப்போது பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தொழிலில், எல்லா நெடுவரிசையும் சமமாக இருக்கும் இரண்டு பதிவுகளை வரிசைப்படுத்த, கடைசியில் பெயரின் அகர வரிசையையோ பதிவு எண்ணையோ போட்டுவிடுவோம். நிரல் நிற்காமல் ஓடும், ஆனால் அந்த வரிசைக்கு அர்த்தம் கிடையாது. இங்கே அகர வரிசை வைத்திருந்தால் ஒவ்வொரு வருடமும் ஒரே அணி மேலே வரும். நாணயத்துக்கு அந்தப் பட்சபாதம் இல்லை. இரண்டாவது, அது தன்னை ஓர் அளவுகோல் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. 'எங்களிடம் இருக்கும் தகவலில் உங்கள் இருவரையும் பிரிக்க வழியில்லை' என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வதுதான் அந்தச் சுண்டல். மூன்றாவது தசமத்தில் வித்தியாசம் காட்டி ஒருவரைச் சிறந்தவர் என்று அறிவிக்கும் சூத்திரத்தைவிட எனக்கு இது நேர்மையாகப் படுகிறது.

பிறகு என்ன ஆனது? மார்ச் 9, கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம்: சவுத் கரோலினா 64, டெக்சஸ் 45. அதோடு முடியவில்லை. ஏப்ரலில் டாம்பா நகரில் தேசிய அரையிறுதியில் மறுபடி இதே இருவர்: 74–57. பார்த்தீர்களா, நாணயம் சரியாகத்தான் சொன்னது என்று சிலர் சொல்லக்கூடும். நாணயத்துக்கு எதுவும் தெரியாது. மார்ச் 2 அன்று வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, 1996இல் ஐவி லீக் செய்ததுபோல, இருவரையும் இன்னொரு தடவை மைதானத்தில் இறக்குவதுதான். கான்ஃபரன்ஸ் போட்டி அதை ஒரு வாரம் தள்ளி நடத்திக்கொடுத்தது.