அலுமினியக் கூட்டுப் பலகை

அலுமினியக் கூட்டுப் பலகை என்பது, இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே நெகிழி அல்லது கனிமம் கலந்த நெகிழியாலான உள்ளகம் ஒன்றை வைத்து ஒட்டித் தயாரிக்கப்படும் கட்டடப் பொருள் ஆகும். இது கட்டடங்களின் வெளிச்சுவர்களை மூடும் உறையாகவும், கடை முகப்புகள், பெயர்ப் பலகைகள் முதலியவற்றிலும் பயன்படுகின்றது. தமிழ்நாட்டில் ஏ.சி.பி. ஷீட் என்ற பெயரே பெரிதும் வழக்கில் உள்ளது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் பலகைகள், அவற்றின் உள்ளகத்தைப் பொறுத்து, தீயில் முற்றிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன.

வரலாறு

இவ்வகைப் பலகை 1969 ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் அலுசுவிஸ், செருமனியின் பி.ஏ.எஸ்.எஃப். ஆகிய நிறுவனங்களால் கூட்டாக உருவாக்கப்பட்டு, அலுகோபாண்ட் என்னும் வணிகப் பெயரில் அறிமுகமானது. பின்னர் பல நாடுகளில் வெவ்வேறு நிறுவனங்கள் இதனைத் தயாரிக்கத் தொடங்கின.

அமைப்பு

பலகைகள் பொதுவாக 3, 4, 6 மில்லிமீட்டர் தடிப்புகளில் கிடைக்கின்றன. வெளிச்சுவர்களுக்கான 4 மி.மீ. பலகையில் இருபுறமும் 0.5 மி.மீ. அலுமினியமும், நடுவில் 3 மி.மீ. உள்ளகமும் இருக்கும். உள்ளகம் பாலிஎத்திலீனாக இருப்பின், ஒரு சதுர மீட்டர் பலகையின் நிறை ஏறத்தாழ 5.5 கிலோகிராம் ஆகும். அதே தடிப்புள்ள முழு அலுமினியத் தகடு 10.8 கிலோகிராம் இருக்கும்.

ஒரு பலகை வளையும்போது அதன் புறப்பரப்புகளே அதிக இழுவிசையையும் அமுக்க விசையையும் தாங்குகின்றன. நடுப்பகுதி குறைவாகவே தாங்குகின்றது. எனவே வலுவான உலோகத்தைப் புறத்திலும், எடை குறைந்த பொருளை நடுவிலும் வைப்பதால், குறைந்த எடையிலேயே 3.3 மி.மீ. முழு அலுமினியத் தகட்டுக்கு இணையான விறைப்பு கிடைக்கின்றது.

உற்பத்தி

அலுமினியம் சுருள்களாகத் தொழிற்சாலைக்கு வருகின்றது. தகடு விரிக்கப்பட்டு, எண்ணெய்ப் பசை நீக்கப்பட்டு, வண்ணம் பற்றிக்கொள்ளும் பொருட்டு வேதிமுறையில் பதப்படுத்தப்படுகின்றது. அதன்மேல் உருளைகள் மூலம் வண்ணம் பூசப்பட்டு வெப்ப அடுப்பில் உலர்த்தப்படும். வெளிப்புறப் பயன்பாட்டுக்குரிய தகடுகளில், வெயிலையும் மழையையும் நீண்டகாலம் தாங்கவல்ல பி.வி.டி.எஃப். பூச்சு விரும்பப்படுகின்றது.

மறுபுறம், உள்ளகத்துக்கான நெகிழிக் குருணைகள் உருக்கப்பட்டு, தட்டையான வாயுள்ள அச்சின் ஊடாகப் பிதுக்கித் தாளாக்கப்படுகின்றன. சூடான இத்தாளின் இருபுறமும் ஒட்டும் படலமும் அலுமினியத் தகடும் சேர்க்கப்பட்டு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருளைகளுக்கு இடையே செலுத்தப்படுகின்றன. பின்னர் பலகை குளிரூட்டப்பட்டு, மேற்பரப்பில் பாதுகாப்புப் படலம் ஒட்டப்பட்டு, தேவையான நீளத்துக்கு வெட்டப்படுகின்றது.

பொருத்தும் முறை

பலகையின் பின்புறத்தில் V வடிவப் பள்ளம் வெட்டினால், முன்தகடு முறியாமல் பலகையைக் கையாலேயே மடிக்க முடியும். இவ்வாறு விளிம்புகள் மடிக்கப்பட்டுத் தட்டு வடிவம் பெற்ற பலகைகள், சுவரில் பொருத்திய அலுமினியச் சட்டகத்தில் மாட்டப்படுகின்றன. 3 மீட்டர் நீளப் பலகை 40 பாகை செல்சியசு வெப்பநிலை மாற்றத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. நீள்வதால், பலகைகளுக்கு இடையே இணைப்பு இடைவெளி அவசியம். பலகைக்கும் அதன் பின்னுள்ள வெப்பக்காப்புப் பொருளுக்கும் இடையிலும், உட்புகும் மழைநீர் வடிந்து உலர்வதற்கென இடைவெளி விடப்படுவது உண்டு.

தீயும் உள்ளகமும்

4 மி.மீ. பலகையின் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 2.8 கிலோகிராம் பாலிஎத்திலீன் உள்ளது. இது எரியும்போது, ஏறக்குறைய அதே எடையுள்ள மண்ணெண்ணெய் தரும் வெப்பத்தைத் தரும். அலுமினியம் உருக 660 பாகை செல்சியசு தேவை. பாலிஎத்திலீனோ 110 முதல் 130 பாகையிலேயே உருகிவிடும். எனவே தகடு உருகும் முன்பே உள்ளகம் உருகி விளிம்புகள் வழியாக ஒழுகி எரிகின்றது. எரியும் துளிகள் கீழ்த்தளங்களுக்கும் தீயைக் கொண்டு செல்லும். மழைநீர் வடிவதற்கென விடப்பட்ட இடைவெளி, தீயின்போது புகைபோக்கியைப் போலச் செயற்பட்டு நெருப்பை மேல்நோக்கி இழுக்கும்.

இதனைத் தவிர்க்க உள்ளகத்தில் அலுமினியம் ஐதராக்சைடு போன்ற கனிமங்கள் கலக்கப்படுகின்றன. இது ஏறத்தாழ 200 பாகையில் சிதைந்து நீராவியை வெளியிடுகின்றது. அவ்வாறு சிதையும்போது சூழவுள்ள வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கின்றது. தீத்தடுப்பு வகையில் கனிமத்தின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடாகவும், ஏ2 எனப்படும் வகையில் 90 விழுக்காட்டுக்கு அண்மையிலும் இருக்கும். இவை பாலிஎத்திலீன் வகையைவிட எடையும் விலையும் கூடியவை.

தீவிபத்துகள்

2014 நவம்பரில் மெல்பேர்ணின் லக்ரோஸ் கட்டடத்தில், பால்கனி ஒன்றில் சரியாக அணைக்கப்படாத சிகரெட்டால் தொடங்கிய தீ, சில நிமிடங்களில் வெளிச்சுவர் வழியாகக் கட்டடத்தின் உச்சி வரை பரவியது. எவரும் இறக்கவில்லை. 2015 டிசம்பர் 31 அன்று துபாயின் அட்ரஸ் டவுன்டவுன் கட்டடத்தின் வெளிச்சுவரும் தீப்பற்றியது.

2017 சூன் 14 அன்று இலண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில், நான்காம் மாடிக் குடியிருப்பின் சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி ஒன்றில் தோன்றிய தீ வெளிச்சுவரைப் பற்றியது. 72 பேர் இறந்தனர். பாலிஎத்திலீன் உள்ளகம் கொண்ட பலகைகளே தீ விரைந்து பரவியதற்கு முதன்மைக் காரணம் என்று விசாரணைக் குழு 2019 இல் அறிவித்தது. பலகைகளையும் வெப்பக்காப்புப் பொருட்களையும் தயாரித்து விற்றோர் தீச்சோதனை தொடர்பில் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று 2024 செப்டம்பரில் வெளியான இறுதி அறிக்கை கூறியது.

சோதனைகளும் விதிகளும்

கிரென்ஃபெல் விபத்தின் பின் பிரித்தானிய அரசு முழு அளவிலான மாதிரிச் சுவர்களை எரித்துச் சோதித்தது. பாலிஎத்திலீன் வகை, எரியாத பாறைக் கம்பளியுடன் சேர்ந்தபோதும் தோல்வியுற்றது. தீத்தடுப்பு வகை பாறைக் கம்பளியுடன் தேறியது. ஆனால் எரியக்கூடிய நுரை வெப்பக்காப்புடன் தோல்வியுற்றது. ஏ2 வகை இரண்டுடனும் தேறியது. பலகையை மட்டும் தனியாகப் பார்ப்பது போதாது, சுவர் அமைப்பு முழுவதையும் கருதவேண்டும் என்பதை இது காட்டுகின்றது. இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேல் உயரமுள்ள புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவர்களில் எரியக்கூடிய பொருட்கள் 2018 டிசம்பரில் தடை செய்யப்பட்டன.

அடையாளம் காணல்

பொருத்தி முடித்த பலகையில் உள்ளகம் தெரிவதில்லை. வெட்டிய விளிம்பில் தெரியும் உள்ளகத்தின் நிறமும் உறுதியான சான்று அன்று. உள்ளக வகையைக் குறிப்பிடும் சோதனைச் சான்றிதழைக் கொண்டும், ஐயம் எழுமிடத்துச் சிறு துண்டொன்றை வெட்டி ஆய்வகத்தில் சோதித்துமே இதனை உறுதிசெய்ய முடியும். ஆகவே பலகைகள் சுவரில் ஏறுவதற்கு முன்னரே இச்சோதனையைச் செய்வது எளிதும் பாதுகாப்பானதும் ஆகும்.